கூடலும் நோவும்: ஒரு பிணியின் சமூக வரலாறு

வைத்திய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். இன்ன ஆண்டில் இன்னார் இன்ன கிருமியைக் கண்டார் என்னும் வரிசை அது. நோயாளர் கூறியதை வைத்தியர் எப்பொழுது நம்பினார், எவர் கூற்றை நம்பினார், எவர் கூற்றைப் புறந்தள்ளினார் என்ற வினாக்களுக்கு அவ்வரிசையில் இடமில்லை. என்டோமெற்றியோசிஸ் எனப்படும் பிணியின் வரலாற்றையோ இவ்வினாக்களை விடுத்து எழுதவே இயலாது.

கருப்பையின் உட்சுவரை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகங்களிலும் இடுப்புக்குழியின் சவ்வுகளிலும் வளர்வதே இப்பிணியாகும். ஓமோன்களின் ஆட்சிக்குட்பட்டு அவ்விழையமும் வீங்கிக் குருதி கசியும். அழற்சியும் தழும்பும் தோன்றும். உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதனால் மாதவிடாய்க் காலத்தில் உண்டாகும் கொடிய வேதனையைப் பலர் அறிவர். பேசப்படாத வேதனையொன்றும் உண்டு. கருப்பையைப் பின்னிருந்து தாங்கும் நார்ப்பட்டைகளிலும், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடைப்பட்ட பள்ளத்திலும் இவ்விழையம் வேர்கொள்ளுமாயின், கூடலின்போது அவ்விடம் அழுத்தமும் இழுபாடும் உற்று ஆழமாக நோகும். சிலருக்கு அந்நோவு மறுநாள் வரையும் நீடிக்கும். ஒருமுறை நொந்த உடல் மறுமுறை தசைகளைத் தானாகவே இறுக்கிக்கொள்ளும். இறுகிய தசை மேலும் நோவைத் தரும். பிணியுற்ற பெண்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் இவ்வாறு துன்புறுகின்றனர். கருத்தரிக்கும் வயதுடைய பெண்களுள் நூற்றுக்குப் பத்துப் பேர், ஏறக்குறைய 19 கோடிப் பேர், இப்பிணியுடையோர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடாகும். ஆகவே இஃது அரியதொரு சங்கதியன்று.

நோவு உடலோடு நின்றுவிடுவதுமில்லை. ஓர் அணைப்பு எங்கே கொண்டுசென்று விடுமோ என்ற அச்சத்தால் அணைப்பே தவிர்க்கப்படுகின்றது. தன்னை வெறுக்கின்றாள் என்று கணவன் எண்ணுகின்றான். அல்லது தன்னால் நோகின்றதே என்று விலகுகின்றான். மனைவி பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கின்றாள். இம்மூன்றும் ஒரே வீட்டில் ஒருங்கே நிகழ்வதும் உண்டு.

இவ்வேதனையை வைத்தியம் எவ்வாறு நோக்கியது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க அறுவை வைத்தியர் ஜேம்ஸ் மரியன் சிம்ஸ் இதற்கு நல்ல சாட்சி. கூடலைத் தாங்கவியலாத பெண்களின் நிலைக்கு 1861-ம் ஆண்டளவில் ‘வஜினிஸ்மஸ்’ எனப் பெயரிட்டவர் அவரே. கூடலைத் தாங்கவியலாத மனைவியொருத்திக்கு ஈதர் கொடுத்து மயக்குவதற்காக, வாரத்தில் இரண்டு மூன்று முறை வைத்தியர் ஒருவர் வீடு தேடிச் சென்ற கதையை அவர் 1866-ல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். உணர்விழந்த அப்பெண்ணோடு கணவன் கூடினான். அவளுக்கு இருந்தது என்டோமெற்றியோசிஸ் என்பதன்று நமது வாதம். நோவு எவருடைய பிரச்சினையாகக் கருதப்பட்டது என்பதே கவனிக்கத்தக்கது. இதே சிம்ஸ் 1845-க்கும் 1849-க்கும் இடையில் அலபாமா மாநிலத்து மொன்கொமரி நகரில் அனார்க்கா, பெற்சி, லூசி முதலிய கறுப்பின அடிமைப் பெண்கள்மீது அறுவைச் சோதனைகள் நடத்தினார். 1846-ல் பொஸ்டனில் ஈதர் மயக்கம் பகிரங்கமாகச் செய்து காட்டப்பட்ட பின்னரும் அவர்களுக்கு அது வழங்கப்படவில்லை. கத்தியால் அறுக்கப்பட்ட அடிமைக்குக் கிடைக்காத ஈதர், கணவனின் உரிமை தடைப்படாதிருக்கும் பொருட்டு வீடு தேடிச் சென்றது! நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவில் நின்ற சிம்சின் சிலை 2018-ம் ஆண்டிலேயே அகற்றப்பட்டது.

பிணியின் உருவம் இதற்கிடையில் தெளிவுபட்டு வந்தது. வியன்னாவில் ரொக்கிடான்ஸ்கி 1860-ல் இத்தகைய இழைய வளர்ச்சியை விவரித்தார். போல்ற்றிமோர் நகரின் தொமஸ் கலன் மலக்குடலையொட்டிய வளர்ச்சிகளை முதலாம் உலக யுத்த காலத்தில் ஆராய்ந்தார். பிணிக்கு இன்றைய பெயரை 1920-களில் நிலைநிறுத்தியவர் அல்பனி நகரத்து ஜோன் சாம்ப்சன். மாதவிடாய்க் குருதி குழாய்கள் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் விதைபோல் ஊன்றுகின்றது என்பது அவர் 1927-ல் விரித்துரைத்த கொள்கை. பெரும்பாலான பெண்களிடம் அவ்வாறு குருதி பின்னோக்கிச் செல்வதால், சிலருக்கே பிணி வருவதேன் என்பதை அக்கொள்கை தனித்து விளக்கவில்லை.

இனித்தான் வர்க்கம் மேடையேறுகின்றது. ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோ வின்சென்ற் மெய்க்ஸ், தனியார் சிகிச்சைக்கு வரும் வசதிபடைத்த பெண்களிடையே இப்பிணி மிகுதி என்றும், ஏழைகளின் பொது விடுதிகளில் குறைவு என்றும் கூறினார். காலந்தாழ்த்தி மணந்து காலந்தாழ்த்திப் பெறுவதே காரணம் என்பது அவர் கண்ட முடிபு. பருவமெய்தியவுடன் கூடிக் குட்டி ஈனும் குரங்கை அவர் 1941-ல் உதாரணங்காட்டினார். இளமையில் மணம் முடிக்கப் பெற்றோர் பொருளுதவி செய்ய வேண்டும் என்றார். உத்தியோகம் பார்க்கும் பெண்ணின் நோய் என்ற பட்டமும் பின்னர் ஒட்டிக்கொண்டது. கூடலே வேதனையான ஒருத்திக்குக் கருத்தரிப்பை மருந்தாக எழுதிக் கொடுத்த விந்தையை என்னென்பது! அம்மருந்தை அடையும் வழி எதுவென்று அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இப்பிணி கருத்தரிப்பையே தடுக்கக்கூடியது என்பதும் அவர்களுக்குத் தெரிந்ததே.

பொது விடுதியிற் கிடந்த ஏழைப் பெண்ணின் நிலை இன்னும் மோசமானது. அவளது வயிற்று நோவு இடுப்புக்குழி அழற்சியெனக் குறிக்கப்பட்டது. அந்நோய் பாலுறவால் தொற்றும் கிருமிகளால் பெரும்பாலும் வருவதாகையால், அக்குறிப்பிலேயே ஒழுக்கம் பற்றிய தீர்ப்பும் அடங்கியிருந்தது. சிக்காகோ நகரின் டொனல்ட் சாட்மன் 1976-ல் வெளியிட்ட ஆய்வு இதனை உடைத்தது. வயிற்றறை நோக்கியால் அவர் பரிசோதித்த கறுப்பினப் பெண்களுள் ஐந்திலொரு பங்கினருக்கு மேல் என்டோமெற்றியோசிஸ் உடையோராயிருந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 40 பேர் முன்னர் இடுப்புக்குழி அழற்சி உடையோர் எனத் தவறாக முடிவுசெய்யப்பட்டவர்கள். வெள்ளைச் சீமாட்டி போதிய அளவு கூடவில்லையென்று கண்டிக்கப்பட்டாள். கறுப்பினத் தொழிலாளப் பெண் மிதமிஞ்சிக் கூடினாளென்று கண்டிக்கப்பட்டாள். இருவருக்கும் இருந்த பிணி ஒன்றே.

மருந்துகளும் படுக்கையறையை மறந்தே வந்தன. 1976-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டனசோல் சிலருக்கு முகத்தில் மயிரையும் குரலில் தடிப்பையும் தந்தது. 1990-ல் வந்த லியூப்ரொலைட், சூலகத்தின் ஓமோன் சுரப்பை ஒடுக்கி யோனி வறட்சியையும் இச்சைக் குறைவையும் விளைவித்தது. நோவு தணிந்தால் போதாதா என்பது வைத்தியரின் கேள்வி. வளர்ச்சிகளை வெட்டியகற்றும் அறுவையால் கூடல் நோவு பலருக்குக் குறைகின்றது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

நோயாளர் தாமே பேசத் தொடங்கியது 1980-ல். அவ்வாண்டு மில்வோக்கி நகரில் மேரி லூ பல்வெக் முதலானோர் இப்பிணியுற்ற பெண்களுக்கெனச் சங்கமொன்றை நிறுவினர். வலியின் வரலாறுகளைப் பெண்கள் தம் வாயாலேயே சொல்ல, அவை திரட்டப்பட்டன. ஆயினும் பழைய கண் உடனே மாறிவிடவில்லை. இத்தாலிய ஆய்வாளர் சிலர், கடுமையான என்டோமெற்றியோசிஸ் உடைய பெண்கள் ஏனையோரைவிட அழகுடையோரா என்று மதிப்பிட்டு எழுதிய கட்டுரையை ‘பெர்ட்டிலிற்றி அன்ட் ஸ்ரெரிலிற்றி’ என்ற வைத்திய சஞ்சிகை 2013-ல் அச்சிட்டது. நோயாளரின் மார்பளவும், முதற் கூடலின் வயதும் அதில் ஆராயப்பட்டன. எதிர்ப்புக்குப் பின் 2020-ல் ஆசிரியர்களே அதனை மீளப்பெற்றனர். தம் முடிவுகள் ஓரளவு தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டன என்பது அவர்கள் தந்த விளக்கம்.