பழுப்பு நிலச் சீரமைப்பு நிதி (ஐக்கிய அமெரிக்கா)

பழுப்பு நிலம் என்பது முன்னர் தொழிற்சாலை, பட்டறை, எரிபொருள் நிலையம் போன்றவை இயங்கிப் பின்னர் கைவிடப்பட்டதும், மண்ணிலோ நிலத்தடி நீரிலோ நச்சுப் பொருட்கள் கலந்துள்ளதாக அறியப்பட்ட அல்லது ஐயுறப்படுவதுமான நிலம் ஆகும். ஆங்கிலத்தில் இது 'பிரவுன்ஃபீல்டு' எனப்படும். ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய நிலங்கள் 4,50,000-க்கும் மேல் இருப்பதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டுள்ளது. இவற்றைத் தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்துவதற்கான செலவை யார் ஏற்பது என்பது 1980 முதல் அந்நாட்டின் சட்டங்களை வடிவமைத்து வந்துள்ள கேள்வியாகும்.

பின்னணி

நியூ யோர்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கால்வாய் என்னும் கைவிடப்பட்ட கால்வாய் உள்ளது. ஹூக்கர் வேதிப்பொருள் நிறுவனம் 1940-கள் முதல் 1953 வரை சுமார் 21,000 டன் வேதிக்கழிவை இதில் புதைத்தது. 1953-இல் அந்நிலம் ஒரு டாலர் விலைக்கு நகரப் பள்ளி வாரியத்திடம் அளிக்கப்பட்டது. அங்கே பள்ளியும் சுற்றிலும் வீடுகளும் எழுந்தன. 1970-களில் கழிவு மேலெழுந்து கசிந்தது. 1978-இல் அவசர நிலை அறிவிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் படிப்படியாக வெளியேற்றப்பட்டன.

சூப்பர்ஃபண்ட் சட்டம்

இந்நிகழ்வின் தாக்கத்தால் உருவான சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் 1980 டிசம்பர் 11 அன்று கையொப்பமிட்டார். 'சூப்பர்ஃபண்ட்' எனப் பரவலாக அறியப்படும் இச்சட்டம் இரு வழிகளில் பணம் திரட்டியது.

முதலாவது, மாசுபடுத்தியவரே செலவை ஏற்றல். கவனக்குறைவு இருந்ததா என்பது இங்கு பொருட்டன்று. சட்டம் வருவதற்கு முன் கொட்டப்பட்ட கழிவுக்கும் பொறுப்பு உண்டு. பலர் கொட்டிய இடத்தில் அவரவர் பங்கைப் பிரித்தறிய இயலாவிடில், ஒருவரிடமிருந்தே முழுச் செலவையும் பெறலாம். ஹூக்கர் நிறுவனத்தை வாங்கியிருந்த ஆக்சிடென்டல் நிறுவனம், லவ் கால்வாய்ச் செலவுக்காக நடுவண் அரசுக்கு 12.9 கோடி டாலர் அளிக்க 1995-இல் உடன்பட்டது.

இரண்டாவது, பொறுப்பாளி இல்லாத அல்லது நொடித்துப்போன இடங்களுக்கான பொது நிதியம். ஐந்து ஆண்டுகளுக்கு 160 கோடி டாலர் என நிறுவப்பட்ட இதன் பெரும்பகுதி, கச்சா எண்ணெய், வேதிப்பொருட்கள் ஆகியவற்றின் மீதான வரியிலிருந்து கிடைத்தது. இவ்வரி 1995 இறுதியில் காலாவதியானதால், சுமை படிப்படியாகப் பொது வரி செலுத்துவோர் மீது விழுந்தது. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேதிப்பொருள் வரி 2022 சூலையிலும், 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எண்ணெய் வரி 2023 சனவரியிலும் மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

எதிர்பாராத விளைவு

சூப்பர்ஃபண்ட் சட்டம் கழிவைக் கொட்டியவரோடு, நிலத்தின் இன்றைய உரிமையாளரையும் பொறுப்பாளியாக்கியது. ஆகவே பழைய ஆலை நிலத்தை வாங்குபவர், தாம் செய்யாத மாசுக்கும் பணம் கட்ட நேரிடலாம். நிலத்தை அடைமானமாகப் பெற்ற வங்கியும் பொறுப்பாளியாகக்கூடும் என்ற கருத்துக்கு 1990-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு இடமளித்தது. இதனால் வங்கிகள் கடன் தரத் தயங்கின. மாசு சிறிதளவே இருந்த நிலங்களும், ஐயம் மட்டுமே இருந்த நிலங்களும் வாங்குவாரின்றிக் கிடந்தன. புதிய தொழில்கள் நகருக்கு வெளியே மாசுபடாத நிலங்களை நாடின.

இதைச் சீர்செய்ய 1996-இல் கடன் அளிப்போருக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கப்பட்டது. 2002 சனவரியில் நடைமுறைக்கு வந்த பழுப்பு நிலச் சட்டம், வாங்கும் முன் நிலத்தின் வரலாற்றை உரிய முறையில் ஆய்வு செய்து, வாங்கிய பின் மாசு மேலும் பரவாமல் காத்துக்கொள்ளும் நன்னம்பிக்கை வாங்குநரைப் பழைய மாசுக்கான பொறுப்பிலிருந்து விலக்கியது.

நிதி வழிகள்

* ஆய்வு மானியம்: மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்க உள்ளாட்சிகளுக்கும் பிற தகுதியுடைய அமைப்புகளுக்கும் அளிக்கப்படுவது. மாசின் அளவு தெரிந்த பின்னரே செலவைக் கணக்கிட இயலும் என்பதால், சிறு தொகையே ஆயினும் இது முதன்மையானது.
* தூய்மைப்படுத்தும் மானியம்: ஓர் இடத்துக்கு 2,00,000 டாலர் வரை என இருந்த உச்சவரம்பை 2018-ஆம் ஆண்டுச் சட்டம் 5,00,000 டாலராக உயர்த்தியது.
* சுழல் கடன் நிதியம்: குறைந்த வட்டியில் கடன் அளித்து, திரும்பி வரும் பணத்தை அடுத்த நிலத்துக்குக் கடனாக வழங்குவது.
* வரி அதிகரிப்பு நிதியளிப்பு: நிலத்தின் எதிர்கால மதிப்பைக் கொண்டு இன்றைய செலவை ஈடுசெய்வது. எடுத்துக்காட்டாக, 10 இலட்சம் டாலர் மதிப்புள்ள பகுதி சீரமைப்புக்குப் பின் 1 கோடி டாலர் மதிப்பை அடைந்தால், கூடுதலான 90 இலட்சத்தின் மீதான சொத்து வரி குறிப்பிட்ட காலம் வரை சீரமைப்புக் கடனை அடைக்கப் பயன்படும். இம்முறை 1952-இல் கலிபோர்னியாவில் தொடங்கியது.

2021-ஆம் ஆண்டுச் சட்டம் பழுப்பு நிலத் திட்டங்களுக்கு 150 கோடி டாலர் ஒதுக்கியது.

அட்லாண்டிக் ஸ்டேசன்

ஜோர்ஜியா மாநிலத் தலைநகர் அட்லாண்டாவில், 1901-இல் தொடங்கப்பட்ட உருக்கு ஆலையின் 138 ஏக்கர் நிலம் இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1990-களின் இறுதியில் ஆலை மூடப்பட்ட பின், மாசுற்ற மண் அகற்றப்பட்டு, வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் கொண்ட நகர்ப்பகுதி அமைக்கப்பட்டது. எதிர்கால வரி வருவாயை ஈடாகக் கொண்ட கடன் பத்திரங்கள் இதற்கு உதவின. கடைப்பகுதி 2005-இல் திறக்கப்பட்டது.

வரம்புகள்

அட்லாண்டிக் ஸ்டேசன் பெருநகரின் நடுப்பகுதியை ஒட்டி அமைந்திருந்ததால், தூய்மைக்குப் பின் நிலத்தின் மதிப்பு உயரும் என முதலீட்டாளர்கள் நம்பினர். தொழில்கள் வெளியேறி மக்கள்தொகை குறைந்த சிறு நகரங்களில், தூய்மைப்படுத்தும் செலவு பெரும்பாலும் நிலத்தின் விலையை விஞ்சுகிறது. அங்கே வரி அதிகரிப்பு முறை பயன்படுவதில்லை. மானியமே ஏறக்குறைய ஒரே வழியாகிறது. மதிப்பு உயரும் இடங்களிலோ வாடகையும் உயர்வதால், மாசுக்கு அருகே நெடுங்காலம் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் தூய்மையின் பயனைப் பெறும் முன்பே வெளியேற நேரிடலாம்.

பயன்பாட்டுக்கேற்பத் தூய்மையின் அளவும் மாறுபடும். கிடங்குக்குப் போதுமான தூய்மை வீட்டுக்கோ பள்ளிக்கோ போதாது. செலவைக் குறைக்க மாசின் ஒரு பகுதியை மண்ணிலேயே விட்டு மூடும்போது, அந்நிலத்தின் பிற்காலப் பயன்பாட்டுக்குச் சட்டத் தடைகள் விதிக்கப்படுகின்றன. அத்தடைகள் பல தலைமுறைகளுக்குக் கண்காணிக்கப்பட வேண்டியவை. இக்கண்காணிப்புக்கான செலவும் சீரமைப்பு நிதியின் ஒரு பகுதியே ஆகும்.