வீடற்றவருக்கு இட்ட சோறு: தென்னார்க்காட்டில் ஒரு பழைய வழக்கு

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில், நெய்வேலி நகரியத்தை ஒட்டி அமைந்த மந்தாரக்குப்பம், ஊரை இழந்தவர்களும் ஊரை விட்டு வந்தவர்களும் சேர்ந்து பெருக்கிய ஊர். 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றி, மறு ஆண்டே சுரங்கப் பணி தொடங்கியபின், நிலம் கொடுத்த கிராமத்தாரும் வேலை தேடி வந்த வெளியூராரும் இவ்வட்டாரத்தின் முகத்தையே மாற்றினர். ஆனால் வீடற்று வரும் அயலாருக்கு யார் சோறிடுவது, எந்த நிபந்தனையின்பேரில் இடுவது என்னும் வழக்கு இப்பகுதிக்குச் சுரங்கத்தைவிட ஏறத்தாழ நூறாண்டு மூத்தது.

கிறித்தவ மரபு இக்கடமையைத் தீர்ப்புநாளோடு பிணைத்தது. அந்நியரை ஏற்றவர் கிறிஸ்துவையே ஏற்றவர் என்பது மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் தரும் அளவுகோல். நான்காம் நூற்றாண்டில் செசரியா நகரைப் பஞ்சம் தாக்கியபின் பேராயர் பேசில் ஊர்ப்புறத்தில் எழுப்பிய இல்லம், வழிப்போக்கருக்கும் நோயாளிகளுக்கும் ஒருசேர இடமளித்தது. தமிழகத்துக்கு வந்த மிஷன்கள் இந்த மரபைச் சுமந்துவந்தாலும், இங்கே அவை எதிர்கொண்ட முதல் சிக்கல் வறுமையன்று, பந்தி. யார் சமைத்தது, யாரருகே அமர்வது என்னும் கேள்விகளை அவை தவிர்க்க முடியவில்லை. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, தாழ்த்தப்பட்டோர் சமைத்ததை உண்டு சாதியைக் கைவிட்டதை மெய்ப்பிக்காதவருக்குத் திருமுழுக்கு இல்லை என்னும் நிலைப்பாட்டை எடுத்தது. சாதி வழக்கங்களைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு விலகிய கார்ல் ஓக்ஸ், 1861இல் பண்ணுருட்டிப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் நிலையத்தை நிறுவினார். பின்னர் டேனிஷ் மிஷன் சங்கத்தோடு இணைந்த அப்பணியே கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர். உடனுண்ண மறுக்கும் ஒரு சபை அயலாரை எப்படி ஏற்கும் என்பதே இப்பிணக்கின் உட்பொருள் எனலாம்.

தாது வருஷப் பஞ்சம் என மக்கள் வழங்கும் 1876–78 பஞ்சம் இவ்வழக்கை வேறு தளத்துக்குக் கொண்டுசென்றது. அரசின் சிறப்பு ஆணையர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் நிவாரண வேலையாளுக்கான நாள் தானியத்தை ஒரு பவுண்டாக, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவாக வெட்டியதோடு, வீட்டிலிருந்து 10 மைலுக்கு அப்பால் சென்றால்தான் வேலை எனத் தூரத்தையும் ஒரு சோதனையாக்கினார். பசித்தவரை ஊரற்றவராக்கிய பிறகே ஊட்டும் இம்முறையைத் தருமம் என்று அழைப்பது கடினம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இந்த அளவு உயிரைக் காக்காது என்று வாதாடியதால் சில மாதங்களில் படி உயர்த்தப்பட்டது. ஊர்களில் திறக்கப்பட்ட கஞ்சித் தொட்டிகளிலும் இங்கிலாந்திலிருந்து வந்த நன்கொடையைப் பங்கிட்ட குழுக்களிலும் மிஷனரிகள் முன்னின்றனர். அதன் விளைவாகவே, சோற்றுக்காக மதம் மாறியவர் என்னும் வசையும் பரவியது.

இவ்வசைக்கு அக்காலத்தில் கிடைத்த கூர்மையான விடை, அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியான ஓங்கோலில் பணியாற்றிய அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ் செய்தது. பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தோண்டும் ஒப்பந்தத்தை ஏற்றுப் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கூலிவேலை தந்த அவர், நிவாரணம் நடந்த காலத்தில் திருமுழுக்கை நிறுத்திவைத்தார். பின்னர் 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களில் பெரும்பாலோர் தீண்டாமைக்கு ஆளான மாதிகர். சோறும் சமயமும் ஒரே கையிலிருந்து வரும்போது நன்றியையும் நம்பிக்கையையும் பிரித்தறிய முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்; எனினும் காத்திருப்பு மட்டுமே அவ்விரண்டையும் பிரித்துவிடும் என்று சொல்ல இயலாது.

மந்தாரக்குப்பத்துக்குக் கிழக்கே அதே சாலையில் உள்ள வடலூரில், 1867 மே 23 அன்று இராமலிங்க வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலைக்கு இத்தகைய தள்ளிவைப்பு தேவைப்படவில்லை, ஏனெனில் அங்கே உண்டவரிடம் சமயமோ சாதியோ கேட்கப்படவில்லை. ஆயினும் வள்ளலாரிடமும் ஒரு கோடு இருந்தது: புலால் உண்போரைப் புறவினத்தார் என்று அவர் வகுத்து, அவர்களுக்குப் பசி தீர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுமாறு தம் அன்பர்களைப் பணித்தார். சன்மார்க்கத்தின் மற்றப் பயன்களுக்கே அவர் தகுதி கேட்டார், இலையில் விழும் சோற்றுக்குக் கேட்கவில்லை.