ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பருவம்: ஒரு வரலாற்றுப் பார்வை



நம் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பை முடித்து ஆறாம் வகுப்புக்குச் செல்லும் வேளையில் பெற்றோர்களாகிய நாம் விசாரிப்பதெல்லாம் எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும், கட்டணம் எவ்வளவு, வேன் வசதி உண்டா என்பவைதாம். அந்தக் கடைசி மூன்று மாதங்களில் பிள்ளை என்ன படித்தது, படித்தது மனத்தில் நிற்கிறதா என்று விசாரிப்போர் மிகச் சிலரே. தொடக்கக் கல்வியின் இறுதிக் கட்டத்தில் ஒரு பிள்ளை எதைக் கற்று வெளியேற வேண்டும் என்ற கேள்விக்கு இந்த மண்ணில் கடந்த இருநூறு ஆண்டுகளாக வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன. அவற்றைத் திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பருவம் இல்லாத பள்ளிக்கூடம்

பருவம், ஆண்டிறுதி, தேர்ச்சி ஆகிய சொற்களுக்குப் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வேலையே இருக்கவில்லை. ஐந்து வயதில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். மணலைப் பரப்பி அதில் விரலால் எழுத்தை எழுதிப் பழகுவதே முதல் பாடம். கை பழகியபின் பனையோலையும் எழுத்தாணியும் வரும். எண்களையும் பின்னங்களையும் கற்பிக்கும் பொன்னிலக்கம், தானிய அளவைகளைக் கற்பிக்கும் நெல்லிலக்கம், வாய்பாடுகள் அடங்கிய எண்சுவடி என்று பாடம் படிப்படியாக ஏறிச் செல்லும். ஒரு பிள்ளை நெல்லிலக்கத்தில் நிற்க, உடன் சேர்ந்த மற்றொரு பிள்ளை எண்சுவடியில் இருக்கலாம். அதை யாரும் குறையாகக் கொள்வதில்லை. ஒரு பாடம் வாயிலும் கையிலும் ஏறிவிட்டது என்று ஆசிரியருக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் அடுத்த பாடம். நம் மக்தபுகளில் ஒரு பிள்ளைக்குச் சபக் சொல்லிக் கொடுக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் படிகளின் உச்சியில் இருந்தது குழிமாத்து. பரப்பளவு காண்பதற்கான வாய்பாடு அது. நிலத்தை அளக்கும் கோல் ஊருக்கு ஊர் நீளம் மாறும். ஆயினும் ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட இடம் ஒரு குழி. 12 கோல் நீளமும் 8 கோல் அகலமும் உள்ள வயல் 96 குழி. இதோடு நின்றால் எளிதுதான். வயல்கள் முழுக்கோலில் முடிவதில்லையே! காலும் அரைக்காலும் மிஞ்சும். அரையை அரையால் பெருக்கினால் கால், காலைக் காலால் பெருக்கினால் மாகாணி, அதாவது பதினாறில் ஒரு பங்கு என்று பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கும் வரிசைகளைப் பத்து வயதுப் பிள்ளை தாளும் கோலும் இன்றி மனத்தாலேயே சொல்ல வேண்டும். 320இல் ஒரு பங்கான முந்திரி வரை இக்கணக்கு இறங்கும். 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம் என்ற அளவைகளும் இவ்வாறே மனப்பாடம். 1957 ஏப்ரல் 1 அன்று நாட்டில் தசம நாணய முறை நடைமுறைக்கு வந்து, அதைத் தொடர்ந்து மெட்ரிக் அளவைகளும் வந்தபின் இவை வழக்கொழிந்தன. இவற்றை இன்று யாரும் மீண்டும் கற்க வேண்டியதில்லை. எனினும் அந்த வயதில் அவ்வளவு கணக்கைப் பிள்ளைகளின் மனம் சுமந்தது என்பதை மறந்துவிடலாகாது.

கணக்கோடு படிப்பு முடிந்துவிடவில்லை. 1823இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பெல் தம் மாவட்டப் பள்ளிகளைக் குறித்து அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு சுவையான செய்தி உண்டு. ஆசிரியர் பல இடங்களிலிருந்து கடிதங்களைத் திரட்டி வைத்திருப்பார். பலவிதமான கையெழுத்துகளில் அமைந்த அவற்றைப் பிள்ளைகள் படித்துக் காட்ட வேண்டும். கடிதம் எழுதவும் ஒப்பந்தப் பத்திரம் வரையவும் அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அச்சுப் புத்தகம் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அடுத்தவர் கையெழுத்தைப் படிப்பது கடினம் என்பது நாம் அறிந்ததே. கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் பெருவிரல் ரேகை வைத்து நிலத்தை இழந்த குடும்பங்களின் கதை எந்த ஊரில் இல்லை? பள்ளியை விட்டுச் செல்லும் பிள்ளைக்கு மறுநாளே தேவைப்படும் பாடம் அது.

மூத்த பிள்ளைகளுக்கு மற்றொரு பொறுப்பும் இருந்தது. சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்கு அவர்களே பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தை நிர்வகித்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே நடத்திப் பார்த்தார். 1797இல் இலண்டனில் இதைப் பற்றி நூலும் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் இந்த "மெட்ராஸ் முறை" பரவியது வரலாறு.

மன்றோ எடுத்த கணக்கு

சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25 அன்று மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826 மார்ச் 10ஆம் தேதியிட்ட அவரது குறிப்பில், 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருப்பதாகக் காணப்படுகிறது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. 5 முதல் 10 வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கினர் பள்ளியில் படித்தனர் என்றும், வீட்டில் கற்றவர்களையும் சேர்த்தால் அது மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்றும் அவர் மதிப்பிட்டார். அவர் எடுத்துக்கொண்ட அந்த ஐந்து வயது வரம்பும் இன்றைய தொடக்கப் பள்ளியின் ஐந்து வகுப்புகளும் பெரும்பாலும் ஒத்திருப்பது கவனிக்கத்தக்கது.

இந்தக் கணக்கைப் பெருமையாக மட்டும் பேசுவோர் உளர். தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பெரும்பாலான திண்ணைகளில் இடமிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. அதே கணக்கெடுப்பில் நம் சமுதாயம் கருத்திற்கொள்ள வேண்டிய ஒரு செய்தியும் இருக்கிறது. அன்று இதே மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில் பள்ளியில் படித்த முஸ்லிம் ஆண் பிள்ளைகள் 3,196 பேர். முஸ்லிம் பெண்பிள்ளைகள் 1,122 பேர். மூன்று ஆணுக்கு ஒரு பெண் என்ற அளவைத் தாண்டிய எண்ணிக்கை அது. இதற்கு நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் நம் ஊர்களில் பெண்பிள்ளையின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றதை நம் வீட்டு மூதாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். அவர்களுக்கு ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பருவமே வாழ்நாள் கல்வியின் கடைசிப் பருவமாக அமைந்தது.

ஆய்வாளர் வந்த நாள்

1860களில் அரசு மானியம் தேர்வு முடிவைப் பொறுத்தது என்ற விதி சென்னை மாகாணத்திற்கு வந்தது. ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார். தேறிய தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று ஆசிரியருக்குப் பணம். அன்றைய தினம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆசிரியருக்கு வருமானம் குறையும்! ஆகவே ஆய்வாளர் எதைக் கேட்பாரோ அதையே திரும்பத் திரும்ப ஓதுவிப்பது வழக்கமாயிற்று. பாடம் முடிந்தால் பிள்ளை அடுத்த படிக்குச் செல்லும் என்ற நிலை மாறி, தேதி வந்தால் தேர்வு என்ற நிலை ஏற்பட்டது இக்காலத்தில்தான். மானிய விதி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்ட பின்னரும் இப்பழக்கம் நம் பள்ளிகளை விட்டு நீங்கவில்லை என்பதே என் கருத்து.

1953 ஜூன் மாதம் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்றுப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்த அத்திட்டத்தை 1954இல் முதலமைச்சரான காமராஜர் அவ்வாண்டே கைவிட்டார். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எங்கே போவது என்பதைப் பிள்ளையின் பிறப்பு முடிவு செய்யலாகாது என்பதே அப்போராட்டத்தின் சாரம்.

பிறகு வந்தவற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் 1 முதல் 4 வரையுள்ள வகுப்புகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. அட்டைகளைக் கொண்டு ஏணிப்படி போல் அமைந்த பாடம். ஒரு படியை முடித்த பிள்ளை, பிறருக்காகக் காத்திராமல் அடுத்த படிக்குச் செல்லும். திண்ணையில் இருந்த அதே ஏற்பாடு வேறு உருவில் திரும்பி வந்தது எனலாம். கூட்டம் மிகுந்த வகுப்பில் ஓர் ஆசிரியர் இதை நடத்துவது எளிதன்று என்பதும் உண்மை.

2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை எட்டாம் வகுப்பு வரை அறிமுகமாயிற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம், டிசம்பர் வரை இரண்டாம் பருவம், ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூன்றாம் பருவம். வகுப்பறைச் செயல்பாடுகளுக்கு 40 மதிப்பெண், பருவத் தேர்வுக்கு 60. ஒரு பருவத்தின் பாடம் அடுத்த பருவத் தேர்வில் கேட்கப்படாது. பிள்ளையின் முதுகுச் சுமை குறைந்தது நல்லதே. ஆயினும் முதல் பருவத்தில் புரியாமல் விட்ட வகுத்தல் கணக்கைப் பிள்ளையிடம் மீண்டும் கேட்கும் தேர்வு அவ்வாண்டில் இல்லாமற்போயிற்று. பின்னமும் பரப்பளவும் படிக்க வேண்டிய ஐந்தாம் வகுப்பில் அந்த ஓட்டை அவ்வளவு எளிதில் அடைபடாது.

2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று மாநில அரசு அறிவித்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று எழுந்த எதிர்ப்பால் 2020 பிப்ரவரி 4 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. மறுமாதமே கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்கப் பள்ளிகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அதாவது மூன்றாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் வீட்டுக்குப் போன பிள்ளை, நான்காம் வகுப்பைப் பள்ளியில் காணாமலேயே ஐந்தாம் வகுப்பில் வந்து அமர்ந்தது. 2022 ஜனவரியில் மறுபடியும் பள்ளி மூடல். பிப்ரவரி 1 அன்று திறப்பு. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் வீட்டருகே வந்து பாடம் சொல்லித் தந்த "இல்லம் தேடிக் கல்வி" 2021 அக்டோபரில் தொடங்கியது இந்த இழப்பை ஈடுகட்டத்தான். பல ஊர்களில் ஜமாஅத் கட்டிடங்களும் திண்ணைகளும் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன என்பதை இவ்விடத்தில் நிர்வாகிகள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பருவமாக வாய்த்தது அந்த பிப்ரவரியும் அதையடுத்த நாட்களும்தாம். அவர்கள் அனைவரும் ஆறாம் வகுப்புக்கு அனுப்பப்பட்டார்கள். அவ்வகுப்பினர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு உரிய கல்வியாண்டு 2026-27.