மிக்ஸி சத்தமும் ஆச்சி குரலும்

போன ஞாயிறு காலை. புனே வீட்டு ஹாலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏல, மிக்ஸிக்குள்ள கரண்டி விழுந்துட்டா?" என்றாள். "இது பாட்டும்மா" என்றேன். அம்மா நம்பவில்லை. தங்கமணியும்தான்.

ஓடியது 'தி எலிஃபண்ட் டேபிள் ஆல்பம்'. 1983-ல் பிரிட்டனில் வந்த இரட்டை எல்.பி. 'கடினமான இசையின் தொகுப்பு' என்று அவர்களே துணைத்தலைப்பு வைத்துவிட்டார்கள். நேர்மையான ஆட்கள்!

கொஞ்சம் முன்கதை. 1975-ல் 'த்ராபிங் கிரிஸில்' என்ற குழுவை நான்கு பேர் ஆரம்பித்தார்கள். மறு வருஷமே 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று சொந்தக் கம்பெனி. இந்த இசை வகைக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். வெட்டி ஒட்டிய டேப், வீட்டில் செய்த மின்கருவி, இயந்திர இரைச்சல் எல்லாமே அவர்களுக்கு இசை. 1977-ல் வந்த அவர்களுடைய எல்.பி.யை முதலில் 785 பிரதிதான் அடித்தார்கள். உருக்கு ஆலை ஊரான ஷெஃபீல்டில் 'கேபரே வோல்டேர்' 1973-லேயே இதே மாதிரி வேலையில் இறங்கியிருந்தது.

பெரிய கம்பெனிகள் இதையெல்லாம் சீந்துமா? கைகொடுத்தது கேசட். படுக்கையறையில் பதிவு, அங்கேயே காப்பி, தபாலில் விநியோகம். 'சவுண்ட்ஸ்' வாரப் பத்திரிகையில் எழுதிய டேவ் ஹெண்டர்சன், 1983-ல் 'வைல்ட் பிளானட்' என்ற கட்டுரையில் இப்படிப்பட்ட குழுக்களைப் பட்டியல் போட்டார். அதே வருஷம் அவர் தொகுத்ததுதான் இந்த ஆல்பம். கிறிஸ் அண்ட் கோசி, நர்ஸ் வித் வூண்ட், போர்ஷன் கண்ட்ரோல், அட்ரிஷன், நாக்டர்னல் எமிஷன்ஸ் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. 1989-ல் இது சிடியாக மறுபடி வந்தது.

மறுவெளியீடு என்றால் ஏதோ ஜெராக்ஸ் எடுப்பது போல என்று நினைத்திருந்தேன். இல்லை. தொகுப்பு என்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஆளைத் தேடிப் பிடித்து அனுமதி வாங்கவேண்டும். மூல டேப் யார் வீட்டில் இருக்கிறதோ! கிடைத்தாலும், அந்தக் காலத்து ரீல் டேப் பலவற்றில் பசை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். அப்படியே ஓட்டினால் காந்தப் பூச்சு உரிந்து வந்துவிடும். சுமார் 50 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் வைத்து எடுத்து, உடனே ஓட்டிக் காப்பி எடுக்கவேண்டும். அப்புறம் அளவுப் பிரச்சினை. அன்றைய சிடியில் 74 நிமிடம்தான். இரட்டை எல்.பி. அதற்குள் அடங்காவிட்டால் சில பாட்டுகளைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

தனி ஆல்பம் திரும்பி வந்தால் ஒரு குழு திரும்புகிறது. தொகுப்பு வந்தால் ஒரு தெருவே திரும்புகிறது, பேர் தெரியாத வீடுகளும் சேர்த்து. பிரபலமானவர்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு, யாரோ பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தால்தான் உண்டு.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் சுருக்கென்றது. அப்பா பாளையங்கோட்டை ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்த கேசட்டுகள் எங்கள் வீட்டிலும் உண்டு. அதுவும் தொகுப்புதானே? அதில் ஒன்றின் கடைசியில் மிச்சமிருந்த டேப்பில் ஆச்சி பேசியிருப்பாள். என்னைச் சாப்பிடக் கூப்பிடும் குரல். ஆச்சியும் இல்லை, அப்பாவும் இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் சிடியில் ஏற்றணும் என்பேன். இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அம்மா, அந்தக் கேசட் பெட்டி?"

"பரண்ல கெடக்கு. போன மழைக்கு ஒழுகிச்சு, எப்படி இருக்கோ."

தீபாவளிக்கு டிக்கெட் போட்டாச்சு. போனதும் முதல் வேலை பரண்தான். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். இன்றைக்கே ஊருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.