கரந்தைப் புலவர் கல்லூரி

நம் சங்க அன்பர்கள் கூடுமிடந்தோறும், நமக்கும் ஒரு கல்லூரி வேண்டும் என்னும் பேச்சு எழுகின்றது. அங்ஙனம் விழைவோர், தஞ்சையை அடுத்த கரந்தையில் எழுந்த புலவர் கல்லூரியின் வரலாற்றை அறிதல் நன்று.

அக்கல்லூரி 1938இல் தோன்றியது. ஆயின் அதனை நிறுவிய கரந்தைத் தமிழ்ச் சங்கமோ 1911ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் பிறந்தது. இடைப்பட்ட 27 ஆண்டுகள் வீணே கழிந்தன அல்ல. சங்கத் தலைவரும் வழக்கறிஞருமாகிய த. வே. உமாமகேசுவரம் பிள்ளை அவர்களும், அவர்தம் இளவல் இராதாகிருட்டினப் பிள்ளை அவர்களும் முதற்கண் சங்கத்தை நிலைபெறுத்தினர். 1916இல் கைத்தொழிற் கல்விச்சாலை எழுந்தது. இளவல் இளமையிலேயே மறைந்தார். எனினும் பணி நின்றிலது. 1925இல் 'தமிழ்ப்பொழில்' இதழ் மலர்ந்தது. நூல்களும் புலவர்களும் கற்போரும் ஒருங்கு திரண்ட பின்னரே கல்லூரி எழுந்தது.

தலைவர் அதன் வளர்ச்சியை மூன்றாண்டே கண்டார். சாந்திநிகேதனம் கண்டு மீளும் வழியில், 1941 மே 9ஆம் நாள் அயோத்திப் பகுதியில் உயிர் நீத்தார். புலவர் வகுப்பில் தொடங்கிய கல்லூரியோ இன்று கலைக்கல்லூரியாய் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

நாற்றங்காலின்றி நடவில்லை என்பதைக் காவிரி நாட்டார்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. கட்டடத்திற்குப் பொருள் திரட்டுமுன், ஊர்தோறும் ஒரு படிப்பகம் காண்போமாக.