பண்டைய எகிப்தியரின் அன்றாட வழிபாடு

பண்டைய எகிப்தியரின் அன்றாட வழிபாடு என்பது வீட்டிலும் தெருவிலும் கல்லறை முற்றத்திலும் சாதாரண மக்கள் கைக்கொண்ட சமய வழக்கங்களைக் குறிக்கும். கர்னாக் போன்ற பெருங்கோயில்களின் உட்பகுதிக்குள் பொதுமக்கள் நுழைய முடியாது. அங்கே கருவறையைத் திறந்து, தெய்வப் படிமத்துக்கு ஆடை சாத்தி, தூபம் காட்டி, உணவு படைக்கும் சடங்கை மன்னரின் பெயரால் பூசாரிகள் நாள்தோறும் செய்தனர். பிள்ளைப்பேறு, நோய், தேள்கடி, திருட்டு என்று அல்லல்பட்ட குடும்பங்கள் தெய்வத்தை வேறு வழிகளில் நாடின. பிரமிடுகளையும் மம்மிகளையும் மட்டும் வைத்து எகிப்தியச் சமயத்தை அளப்பவர்கள் அதன் உயிர்ப்பான பாதியைத் தவறவிடுகிறார்கள்.

இவ்வழக்கங்களைப் பற்றி மிக விரிவான சான்று கிடைத்த இடம், இன்றைய லக்சருக்கு எதிரே நைலின் மேற்குக் கரையிலுள்ள டெய்ர் எல்-மெதினா. அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளர்கள் புதிய அரசுக் காலத்தில் (சுமார் கி.மு. 1550–1070) குடும்பத்தோடு இங்கே வாழ்ந்தனர். பிரெஞ்சு அகழாய்வாளர் பெர்னார் புருயேர் 1922 முதல் 1951 வரை இந்த ஊரைத் தோண்டி வெளிக்கொணர்ந்தார்.

வாசலைத் தாண்டியதும் வரும் முதல் அறையில், பல வீடுகளில், படியேறிச் செல்லும் உயரமான செங்கல் மேடை இருந்தது. சில மேடைகளில் பெஸ் தெய்வத்தின் உருவம் தீட்டப்பட்டிருந்தது. அது பேறுகாலக் கட்டிலா, வழிபாட்டு மேடையா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. குள்ள உருவமும் சிங்க முகமும் நீட்டிய நாக்குமாக நிற்கும் பெஸ், தீய சக்திகளை விரட்டி, தாயையும் சேயையும் காப்பவர். நீர்யானை உடலும் பெருத்த வயிறும் கொண்ட தவெரெத் கருவுற்ற பெண்களின் காவல் தெய்வம். கட்டில், தலையணைத் தாங்கி, தாயத்து என்று கைபடும் பொருள்களிலெல்லாம் இவ்விருவரும் இடம்பெற்றனர்.

பெண்கள் செங்கற்களின்மேல் குந்தியபடி பிள்ளை பெற்றனர். அத்தகைய செங்கல் ஒன்று 2001-இல் அபிதோஸில் கிடைத்தது. குழந்தையை ஏந்திய தாயும், அவளுக்குத் துணையாக நிற்கும் பெண்களும், ஹாத்தோர் தெய்வத்தின் தலையும் அதில் தீட்டப்பட்டிருக்கின்றன.

இறந்தவர்களும் குடும்பத்தின் உறுப்பினர்களாகவே கருதப்பட்டனர். முன்னோரின் மார்பளவுச் சிலைகளையும், 'ராவின் சிறந்த ஆவி' என்று அவர்களைப் போற்றும் சிறு கற்பலகைகளையும் வைத்து வழிபட்டனர். வீட்டில் தொல்லை நேர்ந்தால் இறந்தவருக்கே கடிதம் எழுதும் வழக்கம் பழைய அரசுக் காலம் முதல் இருந்தது. படையல் வைக்கும் கிண்ணத்திலேயே முறையீட்டை எழுதிக் கல்லறையில் வைத்தார்கள்.

ஊரின் காவல் தெய்வமாக விளங்கியவர், இறந்தபின் தெய்வமாக்கப்பட்ட மன்னர் முதலாம் அமென்ஹோதெப். அவருடைய தாய் அஹ்மோஸ்-நெஃபெர்தாரியும் உடன் வழிபடப்பட்டார். திருவிழா நாளில் மன்னரின் படிமத்தைத் தோளில் சுமந்து வரும்போது மக்கள் குறி கேட்டனர். "இவன்தான் திருடினானா?" என்பது போன்ற கேள்விகளைச் சுண்ணாம்புக் கற்சில்லில் எழுதி முன்வைப்பார்கள். படிமம் முன்னால் நகர்ந்தால் ஆம், பின்வாங்கினால் இல்லை. சுமந்தவர்கள் வெளியூர்ப் பூசாரிகள் அல்லர். முறை வைத்துப் பூசாரிப் பணி செய்த அதே ஊர்த் தொழிலாளர்கள். யார் எப்படிப்பட்டவர் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். ஊரின் மனச்சான்றே தெய்வத்தின் வாக்காக வெளிப்பட்டது என்று கொள்வது பொருத்தமானது.

கோரிக்கையோடு பாவமன்னிப்பும் வழிபாட்டில் இடம்பெற்றது. இதே ஊரைச் சேர்ந்த நெஃபெராபு நிறுவிய இரு கற்பலகைகள் இதற்குச் சிறந்த சான்று. தாஹ் தெய்வத்தின் பெயரில் பொய்ச் சத்தியம் செய்ததால் பகலிலேயே இருளைக் காணும்படி ஆனதாக ஒன்றில் ஒப்புக்கொள்கிறார். அது லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. தூரின் நகரிலுள்ள மற்றொன்று, ஊருக்கு மேலே உயர்ந்து நிற்கும் மலைச்சிகரத்தின் நாகத் தெய்வமான மெரெத்செகருக்கு உரியது. சிகரத்துக்கு எதிராகத் தவறிழைத்து, பேறுகாலப் பெண்ணைப் போலச் செங்கல்மேல் அமர்ந்து மூச்சுக்குத் தவித்ததையும், பின் அவள் மனமிரங்கி நலம் தந்ததையும் அதில் அவர் சொல்கிறார். தன் குற்றத்தைக் கல்லில் பொறித்து ஊரார் பார்வையில் வைத்த அந்த நேர்மை வியக்கத்தக்கது.

இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வருகைப்பதிவு ஒன்று, சமயம் வேலைநாளில் எவ்வளவு கலந்திருந்தது என்பதைக் காட்டுகிறது. தொழிலாளர்கள் வேலைக்கு வராததற்குக் காரணமாகத் தெய்வத்துக்குப் படையல், பியர் காய்ச்சுதல், உறவினரின் உடலைப் பதப்படுத்துதல், தேள்கடி ஆகியவை ஒரே பட்டியலில் எழுதப்பட்டுள்ளன.

அரசாணைகளாலும் இவ்வழக்கங்களை எளிதில் அசைக்க முடியவில்லை. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் மன்னர் அகெனாதென் ஆதென் என்ற சூரிய வட்டை மட்டுமே அரச வழிபாட்டுக்குரியதாக்கினார். அவர் புதிதாக எழுப்பிய தலைநகரான அமர்னாவின் வீடுகளிலேயே பெஸ், தவெரெத் தாயத்துகள் கிடைத்திருக்கின்றன. பெஸ்ஸின் செல்வாக்கு உரோமர் ஆட்சியிலும் தொடர்ந்தது. அபிதோஸில் அவரிடம் குறி கேட்க மக்கள் வந்துகொண்டிருந்தனர். கி.பி. 359-இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் அந்தக் குறிமேடையை மூட ஆணையிட்டார்.