பழனி மலையின் இயற்கைக் குறிப்பேடுகள்

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குப் பக்கமாகக் கிளைத்து, ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதன் மேலே ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் இருக்கிறது. இந்த மலையின் செடிகொடிகளையும் பறவைகளையும் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் பழைய குறிப்புகளில் பலவற்றை எழுதியவர்கள் அதற்கென்று சம்பளம் பெற்றவர்கள் அல்லர். கோடைக்கு வந்த பாதிரியார்கள், கல்லூரிப் பேராசிரியர்கள், அவர்களின் மனைவிமார், குருமடத்துத் துறவிகள், வந்து பார்த்துவிட்டு மலையிலேயே தங்கிவிட்டவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் எழுதினார்கள். 'குடிமக்கள் அறிவியல்' என்ற சொல் வழக்கத்துக்கு வரும் முன்பே அந்த வேலை இங்கே நடந்துகொண்டிருந்தது. அந்தக் குறிப்புகளின் வரலாற்றையும் அவற்றில் விடுபட்டவற்றையும் இக்கட்டுரை கூறுகிறது.

தொடக்கம்

1821இல் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு இம்மலையை அளந்தார். 1836இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் மலையேறி வந்து செடிகளைச் சேகரித்தார். இவர்கள் இருவரும் அரசுப் பணியில் இருந்தவர்கள். 1845இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். சமவெளியில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் குடும்பத்தினரைப் பறிகொடுத்தவர்களுக்கு மலைக் குளிர் ஒரு புகலிடமாக இருந்தது. அப்போது மோட்டார் பாதை கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் ஏற வேண்டும். அவ்வளவு சிரமப்பட்டு ஏறியவர்கள் நாலு நாளில் இறங்கிவிட மாட்டார்கள் அல்லவா? இயற்கையைக் கவனிக்க முதலில் வேண்டியது அவகாசம். அது அவர்களுக்குக் கிடைத்தது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் சாமுவேல் பேகன் ஃபேர்பேங்க். மராட்டியப் பகுதியில் ஊழியம் செய்த அமெரிக்கப் பாதிரியார். கொடைக்கானலில் அவர் சேகரித்த ஒரு பறவையை 1869இல் பிளான்ஃபோர்டு அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தி, அதற்கு ஃபேர்பேங்கின் பெயரையே வைத்தார். சோலைக்காட்டு ஓரத்துப் புதர்களில் கலகலவென்று ஒலி எழுப்பும் அந்தச் சிரிப்பான் குருவிக்கு இன்றும் 'ஃபேர்பேங்கி' என்பதே அறிவியல் பெயரின் பின்பாதி. அந்தக் காலத்தில் ஒரு பறவையைப் பதிவு செய்வது என்றால் சுட்டு வீழ்த்தித் தோலைப் பதப்படுத்தி வைப்பதுதான். இன்று படிக்கும்போது மனம் சங்கடப்படுகிறது. ஆனால் அந்தத் தோல்கள் இருப்பதால்தான், எந்தப் பறவை எந்த மலையில் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

போர்ன் தம்பதியரும் செண்பகனூரும்

ஆல்ஃபிரட் கிப்ஸ் போர்ன் சென்னை மாநிலக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்து, பிறகு சென்னை மாகாணக் கல்வித்துறையின் இயக்குநரானவர். விலங்கியல்காரரான அவரும் அவர் மனைவி எமிலியும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொடைக்கானலைச் சுற்றிச் செடிகளைச் சேகரித்தார்கள். தம் பாடத்துக்கு வெளியே சென்று ஒருவர் காட்டிய ஆர்வம் எவ்வளவு தூரம் பயன்படும் என்பதற்கு இது நல்ல உதாரணம். மாநிலக் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் பி. எஃப். ஃபைசன் நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பகுதிகளில், அதாவது 6,500 அடிக்கு மேல், வளரும் தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். போர்ன் தம்பதியரின் சேகரிப்பு அந்த நூலுக்குப் பெரிதும் கைகொடுத்தது. அதிலுள்ள படங்களில் பலவற்றை எமிலி போர்னும் ஃபைசனின் மனைவியும் வரைந்தார்கள்.

கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரில் இயேசு சபையினர் 1895இல் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். குருத்துவத்துக்குப் படிக்க வந்த இடத்தில் ஓர் இயற்கை அருங்காட்சியகமும் வளர்ந்தது. பிரான்சிலிருந்து வந்த லூயி ஆங்கிலாடு அடிகளார் இம்மலைத் தாவரங்களை ஏறத்தாழ இரண்டாயிரம் நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். ஒரே மனிதர்! உலர்ந்த மாதிரியில் பூவின் நிறம் போய்விடும், ஓவியத்தில் போகாது. அதே சபையைச் சேர்ந்த ஃபோரோ அடிகளார் யாரும் குனிந்து பார்க்காத பாசிகளைச் சேகரித்துப் பட்டியலிட்டார்.

இந்த மரபின் கடைசிப் பெரிய பெயர் கே. எம். மாத்யூ அடிகளார். 1969இல் கொடைக்கானலில் குடியேறிய அயல்நாட்டுத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தை வளர்த்தெடுத்தார். 1999இல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய மூன்று தொகுதிகளை வெளியிட்டார். 2004இல் சாலை விபத்தில் இறந்தார்.

புல்வெளி போன கதை

இந்தக் குறிப்புகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் பழனி மலையின் புல்வெளிதான் பதில். மேல்மலை முழுவதும் ஒரே காடாக இருந்ததில்லை. மடிப்புகளில் சோலை, மேடுகளில் புல்வெளி என்பதே அதன் இயல்பு. புல் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல ஓடைக்கு விடும். ஆனால் அரசுக் கணக்கில் புல்வெளி என்றால் மரம் இல்லாத தரிசு. தோல் பதனிடும் சாயத்துக்காக வாட்டில் என்னும் சீகை மரமும், ஆலைகளுக்கு யூக்கலிப்டஸ், பைன் மரங்களும் அங்கே நடப்பட்டன. 1960களுக்குப் பின் அது வேகமெடுத்தது. இன்று சுற்றுலா வருபவர்கள் பைன் காட்டில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இடம் ஒரு காலத்தில் புல்வெளி என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

2018இல் வெளியான ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை வைத்து, நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைக் காட்டியது. அதன் ஆசிரியர்களில் ஆராய்ச்சி நிறுவனத்தாரோடு, கொடைக்கானலில் படித்தவரும் பள்ளி ஆசிரியருமான ஒளிப்படக் கலைஞர் அயன் லாக்வுட், வட்டக்கானலில் வாழ்ந்த ராபர்ட் ஸ்டூவர்ட் ஆகியோரும் இருந்தார்கள். வானத்திலிருந்து பார்த்தால் பச்சை எல்லாம் பச்சைதான். இது பழைய சோலை, அது நட்ட மரம் என்று அடையாளம் சொல்ல, மலையில் நடந்து பழகியவர் வேண்டும்.

ஸ்டூவர்ட்டும் டான்யா பால்கரும் தாவரவியல் பட்டதாரிகள் அல்லர். 1980களில் வந்தவர்கள் மலையிலேயே தங்கி, சோலை மரங்களின் விதை எடுத்து நாற்றங்கால் வளர்த்தார்கள். 1985இல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்புக் கழகத்தோடும் பிறகு வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை வழியாகவும் அந்த வேலை தொடர்ந்தது. அவர்கள் கவனித்துச் சொன்ன ஒரு செய்தி எதிர்பாராதது. நட்ட சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. ஆகவே அயல் மரம் என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டுவது சரியல்ல என்றார்கள். புல்வெளியை மீட்க வெட்டித்தான் ஆக வேண்டும் என்பவர்களும் உண்டு. என் பார்வையில், இடத்துக்கு இடம் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். அப்படிப் பார்ப்பதற்கும் குறிப்பேடுதான் வேண்டும்.

குறிஞ்சிக் கணக்கு

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதைவிட்டு, மடிந்துபோகும். இந்தக் கணக்கை ஒருவர் தாமே சரிபார்க்க வேண்டுமானால் மூன்று பூப்புகளைப் பார்த்தாக வேண்டும், அதாவது இருபத்துநான்கு ஆண்டுகள். எந்த ஆய்வுத் திட்டத்துக்கும் அவ்வளவு காலம் நிதி கிடைக்காது. மலைவாழ் மக்கள் வயதைக் குறிஞ்சிப் பூப்பை வைத்துச் சொல்வார்கள் என்பது பலரும் கேட்ட செய்தி. எழுத்தில் உள்ள வரிசை 19ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகிறது. நம் காலத்தில் 1982, 1994, 2006, 2018. எல்லா மலையிலும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. கணக்குக்குப் புறம்பாக ஒரு சரிவு மட்டும் பூப்பதும் உண்டு. அவற்றைத் தேதியும் இடமும் போட்டுக் குறித்துவைத்தவர்களில் கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு நடைப்பயணம் போன குறிஞ்சி ஆர்வலர்களும் அடங்குவர். அவர்களின் வற்புறுத்தலும் சேர்ந்து, 2006இல் கேரளத்தில் குறிஞ்சிமலை சரணாலயம் உருவானது. தமிழ்நாட்டுப் பக்கம் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது 2013இல்.

கைப்பேசிக் காலம்

இப்போது கைப்பேசி உள்ள எவரும் பதிவாளர் ஆகலாம். இபேர்டு என்ற தளத்தில் பறவைப் பட்டியலையும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் செடி, பூச்சிகளின் படத்தையும் ஏற்றலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி அனுப்பினால் போதும். துப்பாக்கியும் வேண்டாம், இலத்தீனும் வேண்டாம்.

குறையும் உண்டு. ஏரியைச் சுற்றியும் கோக்கர்ஸ் நடைபாதையிலும் பட்டியல்கள் குவிகின்றன. விடுதிகளும் சாலையும் இல்லாத சரிவுகளிலிருந்து அவ்வளவு வருவதில்லை. பங்களாவைச் சுற்றியே செடி பறித்த அந்தக் காலத்து வழக்கம் வேறு வடிவில் தொடர்கிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. தேன், கிழங்கு, கல்பாசி தேடிக் காடெல்லாம் நடந்த பளியர்களும், மேல்மலைக் கிராமங்களின் குன்னுவர்களும் அறிந்தவை பழைய நூல்களில் மிகக் குறைவாகவே ஏறின. சேகரித்தவரின் பெயர் செடிக்கும் பறவைக்கும் சூட்டப்பட்டது. வழிகாட்டியவர், சுமை தூக்கியவர் பெயர் எங்கும் இல்லை. 2017இல் தென்னிந்திய மலைகளுக்கே உரிய ஒரு பறவைக் குழுவுக்குப் புதிய பேரினப் பெயர் வைத்தபோது, 'சோலை' என்ற நம் சொல்லைச் சேர்த்து 'ஷோலிகோலா' என்றார்கள். சோலைக்கிளி என்ற வழக்குப் பெயரும் அதனோடு வழக்கத்துக்கு வந்தது. பழனி மலையில் உள்ள வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி அந்தப் பேரினத்தைச் சேர்ந்தது.

2002ஆம் ஆண்டின் உயிரியப் பல்வகைமைச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. ஊராருடன் கலந்துபேசி மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது அக்குழுவின் முதன்மை வேலை என்று 2004ஆம் ஆண்டின் விதிகள் கூறின. அந்தப் பதிவேட்டின் படிவத்தில் அறிவியல் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு, உள்ளூர்ப் பெயருக்கும் ஒரு கட்டம் உண்டு. மேல்மலையின் ஊராட்சிகளில் அந்த இரண்டாவது கட்டத்தை நிரப்பக்கூடியவர்கள் இப்போது பெரும்பாலும் முதியவர்கள்தாம்.